அரைமாடிக்காரரின் வண்டி

லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு அந்தத் தெருவில் அரைமாடி என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, அவர் மனைவியின் அண்ணன்தான். மனுஷர் எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுவார், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி என்று மைத்துனர் ஒருநாள் வாய் தவறிச் சொல்லப்போக, அடுத்த நாளே தெரு முழுக்கப் பரவிவிட்டது. இதில் அநியாயம் என்னவென்றால், வேலைக்குப் போகிற இடத்தில் அவர் ஒரு லிஃப்டையும் பாதியில் விட்டதில்லை. ஊரில் உள்ள பெரிய கட்டடங்கள் எல்லாம் அவரை நம்பித்தான் ஆட்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் நுழைந்தால்தான் அந்தக் கைக்கு என்னவோ ஆகிவிடும்.

வீட்டைப் பார்த்தவர்களுக்கு மைத்துனரைக் குறை சொல்லவும் மனசு வராது. துணி காயப்போடக் கப்பி வைத்துக் கட்டிய கொடி ஒன்று கூரையில் இருந்தது. கயிற்றை இழுத்தால் ஜோராக மேலே ஏறும், ஆனால் இறங்காது. காய்ந்த துணியை முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். சமையலறை அலமாரிக்கு இடப்பக்கம் மட்டும் கதவு. வாசற்கதவுக்கு மேலே, பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய மாடி எண் பலகை. யாராவது மணியை அழுத்தினால் அதில் விளக்கு எரிய வேண்டும் என்பது திட்டம். விளக்கு எரிந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. மணியை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் எந்நேரமும் நான்கு என்று எரிந்தது. ஒற்றைத் தளம் மட்டுமே உள்ள வீட்டில் நான்காம் மாடி விளக்கைப் பார்த்துவிட்டுப் புதுத் தபால்காரர் அண்ணாந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாராம்.

சாமான்களோடு போகட்டும், பேச்சும் அப்படித்தான். மனைவி ஏதாவது கேட்டால், "அது சரிதான், ஆனா..." என்று ஆரம்பிப்பார். அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கல்யாணமான நாளிலிருந்து யாருக்கும் தெரியாது.

அவருடைய மனைவி தையல்காரி. மேட்டின் உச்சியில் இருக்கிற மருத்துவமனைக்குத் தைத்துக் கொடுப்பவள். கிழிந்த படுக்கை விரிப்பு, பிரிந்துபோன தலையணை உறை, பொத்தான் போன டாக்டர் கோட்டு எல்லாம் மூட்டையாக இறங்கி வரும், தைத்து மடித்து மூட்டையாகவே ஏறிப் போகும். இறங்குவது பிரச்சினையில்லை. ஏற்றும்போது சைக்கிளில் மூட்டையைக் கட்டி, பாதி மிதித்து, பாதி தள்ளி, அவள் மேலே போய்ச் சேர்வதற்குள் வலது முழங்கால் பூசணி போல வீங்கிவிடும். சாயங்காலம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே தைப்பாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மைத்துனருக்கு அந்த மேட்டின் மேலேயே வீடு. கீழே குழாய்க் கடை, முதல் மாடி காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்து, தேநீரை உறிஞ்சியபடி, மாடி சும்மாதானே கிடக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள், தங்கச்சி மேடு ஏற வேண்டாம், எனக்கும் பேச்சுத் துணையாச்சு என்றார். மழை தொடங்குவதற்குள் முடிவு சொல்லச் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான், அதில் சந்தேகமே கிடையாது.

"அதுக்கென்ன மச்சான், ஆனா..." என்றார் அரைமாடி.

இந்த முறை அந்த ஆனாவுக்குப் பின்னால் மலையே இருந்தது. தினம் காலையில் அந்தக் குழாய்க் கடையைத் தாண்டித்தான் படி இறங்க வேண்டும், தினமும் மச்சான் ஒரு வார்த்தை கேலி செய்வார். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்க வேண்டும். பின்பக்கத்து முற்றம் கிடையாது, வேலைமேஜை கிடையாது, நான்கு என்று எரிகிற விளக்கு கிடையாது. பாதியில் நின்றாலும் இது அவருடைய வீடு. அதை விட்டுப் போக அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் சொல்வது எப்படி? மாட்டேன் என்றால், வறட்டு கௌரவத்துக்காகப் பெண்டாட்டியின் முழங்காலை வீங்க வைத்தவன் என்றாகிவிடாதா? அவள் வேறு ஒரு வார்த்தை பேசாமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போக ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். 

அந்த வாரம்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. மேடுதானே பிரச்சினை? மேட்டை ஜெயித்துவிட்டால் மாடி எதற்கு? சைக்கிளுக்குப் பின்னால் கோர்க்கிற மாதிரி இரண்டு சக்கரப் பெட்டி வண்டி ஒன்று செய்வது, அதில் மோட்டார் வைப்பது. மூட்டையும் அதிலேயே போகும், அதுவே சைக்கிளையும் பின்னாலிருந்து தள்ளும். அவள் சும்மா உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் போதும். இதை அவளிடம் சொன்னபோது, மனுஷங்க என்னைத் தள்ளிவிட்டாலே எனக்குப் பிடிக்காது, இதில் மெஷின் வேறு தள்ள வேண்டுமா என்று கேட்டாள். கேட்டாளே தவிர, அடுத்த முறை மருத்துவமனையிலிருந்து வரும்போது, கழித்துப் போட்ட சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரங்களைக் கேட்டு வாங்கி, மூட்டையோடு கட்டிக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டாள்.

வேலை ஆரம்பமானது. பழைய லிஃப்டில் கழித்த இரும்புச் சட்டங்களை வெட்டி வெல்டிங் வைத்தார். உடைந்த பேட்டரி ஸ்கூட்டரிலிருந்து மோட்டாரைப் பிடுங்கினார். அதை ஓட்ட, பழைய லிஃப்டில் கழித்த பேட்டரிகளை மாட்டினார். மோட்டாரிலிருந்து அச்சுக்கு ஒரு சங்கிலி, மேலே பலகைப் பெட்டி, ஹேண்டிலுக்கு ஓடுகிற ஒயரும் முறுக்குப் பிடியும். பெட்டிக்கு மேல் மூட அவள் தடித்த துணியில் உறை தைத்துக் கொடுத்தாள். எல்லாம் வேறு எவன் செய்தாலும் இப்படித்தான் செய்திருப்பான். ஆனால் நம்மவர் லிஃப்ட்காரர் அல்லவா? சும்மா விடுவாரா?

முதலில் அதிக எடைக்குக் கத்துகிற மணி ஒன்றை வைத்தார். லிஃப்டில் ஆள் கூடிப்போனால் கத்துமே, அதே மணி. மூட்டைக்குப் பதிலாகப் பெட்டியில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்க மனைவியைக் கூப்பிட்டார். உட்கார்ந்த மறுகணம் தெருவுக்கே கேட்கிற மாதிரி அது அலறியது. என்னை எடை போட்டுக் காட்டத்தான் இவ்வளவு நாள் இரும்பு வெட்டினீர்களா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனவள், அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மணி மறுநாளே கழற்றப்பட்டது.

அடுத்தது பிரேக். இதில் மட்டும் அவர் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைக்கிள் பிரேக் நாம் அழுத்தினால் பிடிக்கும், விட்டால் விட்டுவிடும். லிஃப்ட் பிரேக் அதற்கு நேர்மாறு. கரண்ட் ஓடினால்தான் திறந்திருக்கும். கரண்ட் போனால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கபக்கென்று கவ்விக்கொள்ளும், பெட்டி இருந்த இடத்திலேயே நிற்கும். அப்படி நிற்பதால்தான் ஜனங்கள் உயிரோடிருக்கிறார்கள் என்று சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அவள் ஊசியில் நூல் கோர்க்கும்போது என்று விடாமல் விளக்கினார். சின்ன சாமான் லிஃப்டின் பிரேக் ஒன்று கைவசம் இருந்தது. அதை வண்டியின் அச்சில் பொருத்தினார். அதைக் கையால் திறக்க ஓர் இரும்புக் கைப்பிடியும் உண்டு. லிஃப்ட் மெஷின் அறைகளில் அந்தக் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் திரும்பவும் சுவரிலேயே மாட்ட வேண்டும், மெஷினிலேயே விட்டால் பிரேக் பிடிக்காமல் போய்விடும். அவரும் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார், முற்றத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார், முறைப்படி மாட்டி வைத்தார்.

நடுவில் வேலை நின்றும் போனது, பொய் சொல்வானேன். ஒரு தடவை ஒயரை மாற்றிக் கொடுத்ததில் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றி, சைக்கிளோடு அவளையும் கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அதென்னவோ, அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மைத்துனர் வந்தார். மாடி காத்துக்கொண்டிருக்கிறது மாப்பிள்ளை, பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது என்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்மைத்தான் கேலி செய்கிறார்கள் என்று அவருக்குச் சுருக்கென்றது. மைத்துனர் தெருமுனை திரும்புவதற்குள் சாக்கு வண்டியை விட்டு இறங்கியது. பிறகு சங்கிலி அறுந்து இன்னொரு முறை சாக்கு ஏறியது. அப்போதும் மைத்துனர் எங்கிருந்தோ முளைத்து, பீரோ எந்தப் பக்கம் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். இவ்வளவுக்கும் அரைமாடி ஒருநாள்கூட அந்த மேட்டு வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போனால் மாடியைச் சுற்றிக் காட்டுவார்களே, அப்புறம் என்னவென்று சொல்வது?

வண்டி முடிந்தது. அவரே நம்பவில்லை, ஆனால் முடிந்தது. மேகம் திரண்ட ஒரு காலையில் மூட்டைகளைப் பெட்டியில் ஏற்றி, உறையை இழுத்துக் கட்டி, மனைவியைச் சைக்கிளில் உட்கார வைத்தார். இன்று உச்சிக்கு ஏறிவிட்டால் மாடிப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி. ஏறாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். இதை நினைத்து அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவள் பிடியை முறுக்கினாள். பிரேக் கிளிக்கென்று திறந்தது, வண்டி முனகியது, சைக்கிள் நகர்ந்தது. காலை வெறுமனே மிதியில் வைத்துக்கொண்டு அவள் மேட்டில் ஏறிப் போவதைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்னாலேயே ஓடினார். பால்கனியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்த்து, என்ன இப்படி ஓடுகிறீர்கள், உங்களுக்கும் ஒரு வண்டி செய்துகொள்ளுங்கள் என்றாள்.

சரியாகப் பாதி மேட்டில் மோட்டாரின் முனகல் இழுத்து இழுத்து அடங்கியது. உடனே கபக்கென்று ஒரு சத்தம். வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பேட்டரி தீர்ந்துபோயிற்று. அந்த பேட்டரிகள் லிஃப்டில் எதற்கு இருந்தவை தெரியுமா? கரண்ட் போனால் லிஃப்டை அடுத்த மாடி வரைக்கும் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட. அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். பாதி மேடு ஏறியதே அவற்றின் பெருந்தன்மை.

தள்ளிப் பார்த்தார், முன்னாலும் போகவில்லை. இழுத்துப் பார்த்தார், பின்னாலும் வரவில்லை. பிரேக் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. குறுகலான சாலை. பின்னால் ரொட்டி ஏற்றிய வேன் ஒன்று வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"கையால திறக்க ஒண்ணு செஞ்சீங்களே, சிவப்பா. அது எங்கே?" என்று மனைவி கேட்டாள்.

"சுவத்துல" என்றார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மூட்டை நனைந்தால் அவள் பிழைப்பு போய்விடும், வீட்டுக்கு ஓடித் திரும்பி வர நேரமில்லை. பக்கத்தில் இருப்பது மைத்துனரின் கடை ஒன்றுதான். அங்கே நல்ல கெட்டிக் குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தால் அதைச் செருகிப் பிரேக்கைத் திறந்துவிடலாம். எந்த வாசலைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டாரோ, அதே வாசலுக்குக் கை நீட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு மேட்டில் ஏறினார்.

கடை வாசலில் நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பனியன் போட்ட ஓர் ஆள் பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்து, யாரோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி தலையை ஆட்டினார்.

குழாய் அறுத்துக்கொண்டிருந்த மைத்துனர் எழுந்து வந்தார். மேலே யார் என்று இவர் கேட்டார்.

"குடித்தனம் மாப்பிள்ளை. வந்து ரொம்ப நாளாச்சே" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்யோ, தங்கச்சி இன்னும் சொல்லலையா?"

பிறகு ஒளித்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாடிக்கு வரச் சொன்ன மறுநாளே தங்கை மேடு ஏறி வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவருக்கு இங்கே மூச்சு முட்டும், எனக்கும் என் வீடுதான் வசதி, வேறு யாருக்காவது விட்டுவிடு என்றாளாம். ஆனால் ஒரு நிபந்தனையும் போட்டாளாம். நான் எப்போதெல்லாம் போன் செய்கிறேனோ அப்போதெல்லாம் வந்து அவர் காதில் விழுகிற மாதிரி மாடி மாடி என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"சாக்கு ஏறினா எனக்கு போன் வந்துடும்" என்றார் மைத்துனர், குழாய்த் துண்டை நீட்டியபடி.

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறார், எத்தனை நாள் வெல்டிங் பொறியில் சட்டையைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறார். அண்ணனும் தங்கையும் சேர்ந்துகொண்டு ஒரு மனுஷனைப் பொம்மை மாதிரி ஆட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு விடுவிடென்று இறங்கினார்.

கீழே அவள் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். ரொட்டி வேன்காரர் இறங்கி வந்து, பாதி வழியில் நிற்கிற வண்டியை எந்தப் புத்திசாலி செய்தான் என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் குரலை உயர்த்தாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போனா புடிச்சுக்கணும். அதுதான் பாதுகாப்பு. வேற பிரேக்கா இருந்தா நானும் மூட்டையும் உருண்டு வந்து உங்க வேன் மேலயே விழுந்திருப்போம். எங்க வீட்டுக்காரர் செஞ்சது. லிஃப்டுல எல்லாம் இப்படித்தான்."

அவர் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறாள். அவருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் குனிந்து பிரேக்கைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"மாடிக்கு ஆள் வந்தாச்சாமே" என்றார், குனிந்தபடியே.

"ஆமா. நல்ல ஜனங்க. குழந்தைக்குச் சட்டைகூட நான்தான் தச்சுக் குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த வண்டிக்கு இன்னைக்கும் ஒரு சக்கரம்தான் இருந்திருக்கும்" என்றாள். "எனக்கு வண்டி வேணும்ங்க. கால் நிஜமாவே வலிக்குது."

அவர் குழாயைச் செருகி அழுத்தினார். பிரேக் திறந்தது, திறந்ததும் மொத்த வண்டியும் அவர் நெஞ்சின் மேல் சாய்ந்தது. ஒரு கையால் குழாயை அழுத்திப் பிடிக்க வேண்டும், மறு கையால் தள்ள வேண்டும். அதற்குள் மைத்துனர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, மறுபக்கம் தோளைக் கொடுத்தார். வேன்காரரும் வேறு வழியில்லாமல் நடுவில் கை வைத்தார். அவள் சைக்கிளில் ஏறி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் இல்லாமல் மூன்று ஆண்பிள்ளைகள் முனக, வண்டி மேலே நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அரைமாடி மூச்சிரைக்கச் சொன்னார்:

"மச்சான், உங்க மாடி நல்ல மாடிதான், ஆனா..."

வழக்கம்போல அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்து மைத்துனர் தள்ளிக்கொண்டே இருந்தார். முன்னால் அவள் மட்டும் தலையை லேசாகத் திருப்பிக் காத்திருந்தாள்.

"ஆனா எனக்கு வர இஷ்டமில்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. எனக்கு எங்க வீடுதான் பிடிச்சிருக்கு. இவ கால் வலிக்கிறதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"இப்ப யாரு உங்களைக் கூப்பிட்டா? அங்கேதான் ஆள் வந்தாச்சே" என்றார் மைத்துனர். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், தோளையும் எடுக்கவில்லை.

அவள் முன்பக்கம் திரும்பி, ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா, ஒண்ணையாவது முழுசா முடிச்சீங்களே" என்றாள். "இப்ப தள்ளுங்க, மழை வருது."